உடைப்பை அடைத்த மண்



முழங்காலில் தழும்பு இல்லாதவர்கள் கையைத் தூக்குங்கள் என்றால் இந்தக் கூடத்தில் ஒரு கை எழுந்தால் அதிசயம். சைக்கிள் கற்ற காலத்து நினைவாக எல்லோரிடமும் ஒன்று இருக்கும். அதனால் நமக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அந்த இடத்தில் வியர்க்காது, முடி முளைக்காது, அவ்வளவுதான். தோலுக்கு இடம் தாராளம். ஒரு ரூபாய் காசளவு போனால் போகட்டும் என்று விட்டுவிடுகிறது.

அதே தழும்பு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அகலமே உள்ள ஓர் இடத்துக்குள் விழுந்தால்? அங்கே விட்டுக்கொடுக்க இடம் கிடையாது. தழும்பு விழுந்த இடமெல்லாம் வேலை நின்ற இடம். இன்று நான் பேச வந்தது அந்தத் தழும்பைப் பற்றி.

நான் நோய்க்குறியியல் துறைக்காரன். நோயாளியின் முகத்தைப் பார்ப்பது எனக்கு அபூர்வம். எனக்கு வந்து சேர்வது ஒரு சிறு துண்டு. பூக்கட்டும் வாழைநாரில் ஒரு சென்டிமீட்டர் கிள்ளியெடுத்தால் எப்படி இருக்கும், அப்படி. அதை மெழுகில் பதித்து, இரண்டு மூன்று மைக்ரான் கனத்தில் சீவி, சாயமேற்றிக் கண்ணாடியில் ஒட்டித் தருவார்கள். மேசன் என்பவர் பெயரால் ஒரு சாயம் இருக்கிறது. அது வடுவை நீலமாகக் காட்டும். சிவப்பாக இருக்க வேண்டிய இடத்தில் நீலம் கூடக் கூட, அந்த மனிதருக்கு டயாலிசிஸ் எத்தனை ஆண்டு தள்ளி நிற்கிறது என்று மனம் தானாகக் கணக்குப் போடத் தொடங்கிவிடும்.

இந்த நீலத்தை அங்கே கொண்டுவந்து போட்டது யார்? சர்க்கரை என்பீர்கள், ரத்தக்கொதிப்பு என்பீர்கள், மருத்துவம் படித்தவர்கள் எதிர்ப்பொருள் என்பார்கள். குற்றப்பட்டியலில் இவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். ஆனால் இவர்களில் ஒருவர்கூட ஓர் இழை கொலாஜன், அதாவது வடுவின் நார், நெய்ததில்லை. நெய்ததெல்லாம் சிறுநீரகத்தின் சொந்த செல்கள். உடைப்பைக் கண்டதும் அடைக்க ஓடிவந்தவை அவை. அடைத்த மண்தான் வடு.

மேலே போகுமுன் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்கிறேன். நம் ஊரில் ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறினாலும் ‘உப்பு ஏறிடுச்சு’ என்கிறோம். கர்ப்பிணியின் சிறுநீரில் புரதம் போனாலும் ‘உப்பு போகுது’ என்கிறோம். இரண்டும் உப்பில்லை. இரண்டும் ஒன்றும் இல்லை. முதலாவது, வெளியேற வேண்டிய கழிவு உள்ளே தங்குவது. இரண்டாவது, உள்ளே தங்க வேண்டிய சத்து வெளியே ஒழுகுவது. நோய் பெரும்பாலும் இரண்டாவதில் தொடங்கி, பல ஆண்டு கழித்து முதலாவதில் போய் முடிகிறது. ஒரே சொல்லால் இரண்டையும் சொல்வதால், தொடக்கத்தையும் முடிவையும் ஒன்றாக்கிவிடுகிறோம். சிறுநீரில் நுரை நிற்கிறது என்று வருபவரிடம், கிரியாட்டினின் சரியாக இருக்கிறது, உப்பு இல்லை, போய்வாருங்கள் என்று சொல்லி அனுப்பிய கதைகள் எனக்குத் தெரியும்.

இப்போது அந்தச் சிறிய இடத்துக்குள் போவோம். பத்தாம் வகுப்பில் நெஃப்ரான் படம் வரைந்திருப்பீர்கள். மேலே ஒரு கிண்ணம், அதற்குள் ஒரு நூல்பந்து. கிண்ணம் பௌமானின் கிண்ணம்; நூல்பந்து கிளாமருலஸ். ஒரு சிறுநீரகத்தில் இப்படிச் சுமார் 10 லட்சம். ஆளுக்கு ஆள் இந்த எண்ணிக்கை நிறைய மாறும். இதை முதலில் கண்டு எழுதியவர் இத்தாலியர் மார்செல்லோ மால்பீஜி, 1666-இல். ரத்தக் குழாய்களில் ஆப்பிள்கள் காய்த்துத் தொங்குவதுபோல் இருக்கிறது என்றார். ஆப்பிளை நினைவில் வையுங்கள், பிறகு வருவேன்.

இதயம் நிமிடத்துக்குத் தள்ளும் 5 லிட்டர் ரத்தத்தில் ஒரு லிட்டருக்கு மேல் இந்த இரண்டு உறுப்புகளுக்குப் போகிறது. இரண்டும் சேர்ந்து எடை 300 கிராம்தான் இருக்கும். நாளொன்றுக்கு வடியும் நீர் 180 லிட்டர். அதில் ஒன்றிரண்டு லிட்டர் போக மற்றதைச் சிறுகுழல்கள் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. இவ்வளவு வடிய வேண்டுமானால் அழுத்தம் வேண்டும். உடலில் மற்ற இடங்களில் தந்துகியைத் தாண்டினால் சிரை. இங்கே தந்துகிக்கு முன்னும் ஒரு நுண்தமனி, பின்னும் ஒரு நுண்தமனி. இரண்டு மதகுகளுக்கு நடுவே தேங்கிய ஏரிபோல அழுத்தம் எப்போதும் உயர்ந்தே நிற்கும். வடிகட்ட உதவும் அந்த அழுத்தம்தான் உடைக்கவும் செய்கிறது.

நூல்பந்தில் குடியிருப்போர் நான்கு வகை. தந்துகியின் உள்பூச்சாக இருக்கும் செல்கள். தந்துகிகளை இடையில் பிடித்து நிறுத்தும் மெசாஞ்சியல் செல்கள். தந்துகியின் வெளிப்புறம் கவிந்திருக்கும் போடோசைட்டுகள். எதிரே கிண்ணத்தின் சுவரில் படிந்த சுவர் செல்கள். உள்பூச்சு செல்களைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. அவை அண்டை வீட்டு போடோசைட் அனுப்பும் ஒரு வளர்ச்சிப் பொருளை நம்பி வாழ்கின்றன என்பது மட்டும் போதும். கர்ப்பகால ரத்தக்கொதிப்பில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஒரு புரதம் அந்த வளர்ச்சிப் பொருளை வழிமறித்துப் பிடித்துக்கொள்கிறது. பாஸ்டனில் அனந்த் கருமாஞ்சியின் குழு 2003-இல் இதைக் காட்டியது. குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி வெளியேறியபின் அந்தச் செல்கள் பெரும்பாலும் தேறிவிடுகின்றன. கதையின் கனம் மற்ற மூவரிடம்தான் இருக்கிறது.

போடோசைட்டை எப்படி விளக்குவது? பழைய கோயில் கோபுரத்தில் ஆலங்கன்று முளைத்து வேர்களால் கல்லைக் கவ்வியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உடல் ஓரிடத்தில், கிளை பிரிந்த கால்கள் கல்லைச் சுற்றி. போடோசைட் அப்படித்தான் தந்துகியைக் கவ்வுகிறது. ஒன்றின் கால்கள் பக்கத்துச் செல்லின் கால்களோடு, இரு கை விரல்களைக் கோத்ததுபோல் கோத்து நிற்கும். விரல்களுக்கு நடுவே உள்ள நூலிழை இடுக்குதான் சல்லடையின் கண். அந்த இடுக்கில் குறுக்கே ஒரு புரதம் பாலம் போட்டிருக்கிறது, பெயர் நெஃப்ரின். பிறவியிலேயே சிறுநீரில் புரதத்தைக் கொட்டும் ஃபின்லாந்துக் குழந்தைகளிடம் இந்தப் புரதத்துக்கான மரபணுதான் பழுது என்று கார்ல் டிரிக்வாசன் குழு 1998-இல் கண்டுபிடித்தது. அதுவரை சல்லடை எங்கே இருக்கிறது என்பதிலேயே சண்டை நடந்துகொண்டிருந்தது.

ஒரு கிளாமருலஸில் இந்தச் செல்கள் 500, 600 இருக்கும். இவை பிளவுபட்டுப் பெருகுவதில்லை. ஏன் என்று யோசித்தால் வியப்பாக இருக்கும். ஒரு செல் இரண்டாகப் பிளக்க வேண்டுமானால் தன் உள்கட்டுமானத்தைக் கலைத்து, உருண்டு திரள வேண்டும். இது காலைத் தூக்கினால் கீழே அழுத்தத்தோடு பாயும் நீர் அடித்துக்கொண்டு போய்விடும். பணியில் இருக்கும் வரை அசைய முடியாத காவல். நோயாளிகளின் சிறுநீரை வடித்துப் பார்த்தால், அடித்துச் செல்லப்பட்ட போடோசைட்டுகளைக் காணலாம். சில உயிரோடும் இருக்கும்.

இங்கே நிதானமாக ஒன்றைப் பிரித்துக்காட்ட வேண்டும். போடோசைட்டுக்கு இரண்டு விதமாக அடிபடலாம். காலை மடக்கிக்கொள்வது ஒன்று. இடத்தைவிட்டுப் போவது இன்னொன்று. முதலாவதில் வடு இல்லை. குழந்தைகளுக்கு வரும் நெஃப்ராடிக் நோயில் பெரும்பாலும் அதுதான். காலையில் எழும்போது முகம் வீங்கியிருக்கும். பூச்சி கடித்திருக்கும் என்று வீட்டில் சொல்வார்கள். மாலைக்குள் வீக்கம் காலுக்கு இறங்கும். சிறுநீரில் புரதம் கொட்டும். அந்தத் திசுவை என் சாதாரண நுண்ணோக்கியில் வைத்தால் ஒன்றுமே தெரியாது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் மட்டும் விரல்கள் கோத்திருந்த இடம் தட்டையாகி, மெழுகு உருகி வழிந்ததுபோல் கிடக்கும். ஸ்டீராய்டு கொடுத்தால் பெரும்பாலான குழந்தைகளுக்குச் சில வாரங்களில் விரல்கள் திரும்ப எழுந்து நிற்கும். நோய் பத்துமுறை திரும்பி வந்த பிள்ளைகளுக்கும், மருந்துக்குக் கட்டுப்படும்வரை, சிறுநீரகம் வடுவில்லாமல் இருப்பதைப் பார்க்கிறோம். இத்தனை புரதம் ஒழுகியும் கிளாமருலஸில் ஒரு நீலக்கோடு இல்லை என்றால், ஒழுக்கும் வடுவும் வேறு வேறு என்று தெரிகிறது அல்லவா?

இதற்கு இன்னும் அழகான சாட்சியம் சிகாகோவிலிருந்து 2012-இல் வெளியானது. ஓர் இளைஞருக்குச் சகோதரி தன் சிறுநீரகத்தைத் தந்தார். அந்த இளைஞருடைய ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று, முன்பு அவருடைய சொந்தச் சிறுநீரகங்களைக் கெடுத்ததுபோலவே புதியதையும் உடனே தாக்கியது. புரதம் கொட்டத் தொடங்கியது. எந்தச் சிகிச்சைக்கும் மசியவில்லை. 14-ஆம் நாள் மருத்துவர்கள் அந்தச் சிறுநீரகத்தை வெளியே எடுத்தார்கள். தூக்கி எறியவில்லை. உரியவர்களின் சம்மதத்தோடு, சர்க்கரை நோயால் சிறுநீரகம் இழந்த இன்னொருவருக்குப் பொருத்தினார்கள். அங்கே போனதும் அது வேலை செய்யத் தொடங்கியது, ஒழுக்கு குறைந்தது, திசுவை எடுத்துப் பார்த்தால் மடங்கிய கால்கள் நிமிர்ந்திருந்தன. கெட்ட ரத்தத்திலிருந்து விலக்கியதும் செல் தேறிவிட்டது. ஏனென்றால் அது இன்னும் இடத்தைவிட்டுப் போகவில்லை.

இடத்தைவிட்டுப் போய்விட்டால்? மிச்சிகனில் ரோஜர் விக்கின்ஸ் குழு 2005-இல் எலிகளில் இதை அளந்தது. போடோசைட்டுகளை மட்டும் கொல்லும்படி ஒரு நச்சை அளவாகக் கொடுத்தார்கள். ஐந்தில் ஒரு பங்கு போனபோது கிளாமருலஸ் சமாளித்துக்கொண்டது. அதற்கு மேல் 40 சதவீதம்வரை போனபோது ஆங்காங்கே வடு. 40-ஐத் தாண்டியதும் பந்து முழுவதும் மூடத் தொடங்கியது. வேறு எந்தக் குற்றவாளியும் இல்லை: சர்க்கரை இல்லை, எதிர்ப்பொருள் இல்லை. ஆள் குறைந்தது மட்டுமே காரணம்.

எப்படி மூடுகிறது என்பதை ஜெர்மனியில் ஹைடெல்பர்க் நகர உடற்கூறியலாளர் வில்ஹெல்ம் கிரிஸ் படிப்படியாகப் படம் பிடித்தார். ஒரு போடோசைட் போன இடத்தில் தந்துகியின் சவ்வு அம்மணமாக நிற்கும். பக்கத்துச் செல்கள் காலை நீட்டி மறைக்கப் பார்க்கும். ஓர் எல்லைவரைதான் நீளும். அழுத்தத்தில் அந்த மூடாத இடம் வெளியே புடைத்து, எதிரே உள்ள கிண்ணச் சுவரில் போய் ஒட்டும். ஒட்டிய இடத்தில்தான் அனர்த்தம். சுவர் செல்கள் அந்த ஒட்டுப்பாலத்தின் வழியே நூல்பந்துக்குள் ஏறி வருகின்றன. வந்தவை சும்மா இருப்பதில்லை. தங்களுக்குத் தெரிந்த ஒரே வேலையான சவ்வு நெய்வதைச் செய்கின்றன. ஆகன் நகரில் மார்கஸ் மோலர் குழு இந்தச் செல்களுக்கு அடையாளம் இட்டுத் தொடர்ந்து சென்று இதைக் காட்டியது. இதே செல்கள்தான் இழந்த போடோசைட்டுகளுக்கு மாற்றாக வளரக்கூடியவை என்று ஃப்ளாரன்ஸ் நகரில் பாவ்லா ரொமாஞ்ஞானி குழு சொல்கிறது. வைத்தியரும் இவரே, கொத்தனாரும் இவரே என்று இரண்டு கட்சி. என் ஸ்லைடுகளில் நான் பார்ப்பது பெரும்பாலும் கொத்தனாரைத்தான்.

எங்கள் கிராமத்து ஏரியில் கரை உடைந்தால் முதலில் கையில் கிடைத்ததைப் போட்டு அடைப்பார்கள்: மண், கல், வைக்கோல், முள். அந்த இரவுக்கு அது சரி. ஊர் முழுகாது. ஆனால் அவசரத்தில் மதகின் வாயிலேயே கொட்டிவிட்டால், அடுத்த போகத்துக்கு அந்த மதகிலிருந்து தண்ணீர் பாயாது. கிளாமருலஸில் நடப்பது இதுதான். இன்னொன்றும் உண்டு. ஒட்டிய இடத்தில் சில தந்துகிகள் இன்னும் வடித்துக்கொண்டிருக்கும். வடியும் நீர் கிண்ணத்துக்குள் விழாமல் சுவரின் இரண்டு அடுக்குக்கு நடுவே புகுந்து, சிறுகுழலின் வெளிப்புறமாக இறங்கும். வாய்க்காலை விட்டுக் கரைக்கு வெளியே கசியும் தண்ணீர். ஒரு கிளாமருலஸில் தொடங்கிய வடு அந்த நெஃப்ரான் முழுவதையும் சாய்ப்பதற்கு இது ஒரு வழி என்கிறார் கிரிஸ்.

சுவர் செல்களின் இன்னொரு முகம் அவசரமானது. சில நோய்களில் தந்துகிச் சவ்வே கிழிந்து, ரத்தத்தின் உறைபொருள் கிண்ணத்துக்குள் சிந்தும். அதைக் கண்டதும் சுவர் செல்கள் வெறிபிடித்ததுபோல் பெருகி, கிண்ணத்தை ஒருபக்கமாக நிறைக்கும். பார்க்கப் பிறைநிலா மாதிரி இருப்பதால் பிறை என்றே சொல்கிறோம். பெயர் அழகு, பார்த்தால் வயிற்றைக் கலக்கும். முதல் நாட்களில் பிறை முழுக்கச் செல்களாக இருக்கும், மருந்துக்குக் கரையும். சில வாரம் விட்டால் நாராக இறுகிவிடும். பிறகு எந்த மருந்தும் அதைத் தொடாது. அறிக்கை தட்டச்சாகி வரட்டும் என்று நாங்கள் காத்திருப்பதில்லை. புதுப்பிறை கண்ணில் பட்டால் வெள்ளி இரவானாலும் சிறுநீரக மருத்துவருக்கு போன் போகும். என் தொழிலில் ஓடவேண்டிய இடம் அது ஒன்றுதான்.

இனி மெசாஞ்சியல் செல்கள். நூல்பந்தின் நடுவில் நின்று தந்துகிகளைத் தாங்கும் இவை சுருங்கும், விரியும், குப்பை பொறுக்கும். குப்பை அளவு மீறும்போது, பொறுக்குவதோடு நிற்காமல் தங்களைச் சுற்றிப் பசை போன்ற பொருளைச் சுரந்து குவிக்கும். 1936-இல், ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா சென்றிருந்த பால் கிம்மெல்ஸ்டீலும் இங்கிலாந்துக்காரர் கிளிஃபர்ட் வில்சனும், சில பிரேதப் பரிசோதனைகளில் கிளாமருலஸுக்குள் உருண்டை உருண்டையாக முடிச்சுகளைப் பார்த்து எழுதினார்கள். சர்க்கரை நோய் சிறுநீரகத்தில் போடும் கையெழுத்து அது. இன்றும் அவர்கள் பெயரால்தான் அழைக்கிறோம். உரித்த வெங்காயம்போல் அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வோர் அடுக்கும் மெசாஞ்சியல் செல் சுரந்தது. பிதுங்கிய அந்த உருண்டைகள் பக்கத்துத் தந்துகியை நெரித்து மூடும்.

இதே செல்கள்தான் ஐஜிஏ நோயிலும் பாடுபடுகின்றன. பாரிஸில் ஜான் பெர்ஜேயும் நிக்கோல் ஆங்லேயும் 1968-இல் விவரித்த நோய் அது. நம் உடலே தயாரிக்கும் ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் ஒரு சிறு குறையோடு உருவாகி, கட்டுக்கட்டாக இந்தச் செல்களின் மடியில் வந்து விழுகிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை இந்த நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வை நடத்தியிருக்கிறது. நம் பக்கத்தில் பலர் முதல் பயாப்ஸிக்கு வரும்போதே வடுவோடு வருகிறார்கள். வலி இல்லாத நோய். சிறுநீரைச் சோதித்தால்தான் தெரியும். சோதிக்க யாரும் சொல்வதில்லை.

இந்தச் செல்களைப் பசை சுரக்கச் சொல்லும் தூதுவன் யார் என்று தேடியவர்களுக்கு 1990-இல் ஒரு பெரும் வெற்றி. வேய்ன் பார்டரும் எர்க்கி ருவோஸ்லாட்டியும், டி.ஜி.எஃப்.-பீட்டா என்ற பொருளை எதிர்ப்பொருளால் கட்டிவைத்து, எலிகளின் கிளாமருலஸில் பசை குவிவதைத் தடுத்துக் காட்டினார்கள். வில்லன் அகப்பட்டான் என்று எல்லோரும் கைதட்டினோம். நானும் மாணவர்களுக்கு அப்படித்தான் பாடம் நடத்தினேன். பிறகு சர்க்கரை நோயால் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட 400-க்கும் மேற்பட்ட மனிதர்களிடம் இதே உத்தியைச் சோதித்தார்கள். பலன் தெரியாததால் பாதியில் நிறுத்திவிட்டார்கள். ஏன் தோற்றது என்பதற்குப் பல விளக்கங்கள். என் எண்ணம் இது: எலியின் நோய் சில நாட்கள் பழையது, மனிதரின் நோய் இருபது ஆண்டு பழையது. மேலும் அதே தூதுவன்தான் உங்கள் முழங்கால் காயத்தை ஆற்றியவன், எதிர்ப்பாற்றலை அடக்கி வைப்பவனும் அவனே. சினிமா வில்லன்போல் ஒற்றை ஆளாகத் தேடியதில்தான் பிழை.

பலன் தந்த வழி வேறு திசையிலிருந்து வந்தது. பாஸ்டனில் பாரி பிரென்னர், 1982-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். பாதி கிளாமருலஸ்கள் மூடிப்போனால் மீதிப் பாதி இரட்டை வேலை செய்யும். உள்ளே அழுத்தம் ஏறும், நூல்பந்து பருக்கும். பந்து பருத்தாலும் போடோசைட்டின் எண்ணிக்கை கூடாது. அதே 500 பேர் இன்னும் பெரிய பரப்பை மூடவேண்டும். கால் நழுவும். இன்னொரு கிளாமருலஸ் விழும். முதல் நோய் எப்போதோ ஆறிப்போயிருக்கும். சிறுநீரகம் தன் சொந்தச் சுமையால் தொடர்ந்து சாய்ந்துகொண்டிருக்கும். கிட்னி சுருங்கிடுச்சு என்று ஸ்கேனில் சொல்கிறார்களே, அந்தச் சுருக்கத்தின் பெரும்பகுதி இப்படி வந்தது.

அப்படியானால் உள் அழுத்தத்தைக் குறைத்தால்? பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் நஞ்சை ஆராய்ந்ததில் பிறந்த மருந்து கேப்டோபிரில். அது கிளாமருலஸின் வெளி மதகை விரிக்கும். தேங்கிய அழுத்தம் இறங்கும். 1993-இல் எட்மண்ட் லூயிஸ் குழு சர்க்கரை நோயாளிகள் 409 பேரிடம் சோதித்தது. மருந்து சாப்பிட்டவர்களிடம் கிரியாட்டினின் இரட்டிப்பாகும் ஆபத்து ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. இப்போது வந்திருக்கும் டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் எதிர்ப்பக்கம் வேலை செய்கின்றன. உள்ளே வரும் மதகைச் சற்றே மூடுகின்றன. 2020-இல் வெளியான பெரிய ஆய்வில் சர்க்கரை நோய் இல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கும் அது பயன்பட்டது. இந்த மருந்துக் குடும்பத்தின் மூதாதை, ஆப்பிள் மரப் பட்டையிலிருந்து 1835-இல் பிரித்தெடுத்த ஒரு கசப்புப் பொருள். மால்பீஜி ஆப்பிள் என்று சொன்னதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எனக்குப் பிடித்திருக்கிறது, அதனால் சொன்னேன்.

இந்த மருந்துகளைத் தொடங்கிய முதல் வாரங்களில் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறும். அழுத்தத்தைக் குறைத்தால் வடிவதும் சற்றுக் குறையத்தானே செய்யும்? அந்த ஏற்றத்தைப் பார்த்து, மருந்தால் கிட்னி கெட்டுவிட்டது என்று தானாக நிறுத்திவிட்டு நாட்டு மருந்துக்குப் போனவர்களின் இரண்டாவது பயாப்ஸியை நான் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் ஏறினால் எவ்வளவு, எப்போது கவலைப்பட வேண்டும் என்பதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். மருந்தை நிறுத்துவதற்கு முன் கேளுங்கள்.

கிளாமருலஸைப் பற்றியே இவ்வளவு பேசினேன். ஆனால் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று ஊகிக்க என்னைக் கேட்டால், நான் கிளாமருலஸைப் பார்க்கமாட்டேன். சிறுகுழல்களுக்கு நடுவே உள்ள இடத்தைப் பார்ப்பேன். லண்டனில் டி வார்டனர் குழு 1968-லேயே இதைக் கவனித்தது: நோய் கிளாமருலஸில் என்றாலும், செயல்திறன் ஒத்துப்போவது சிறுகுழல்களின் சேதத்தோடு. மேலே சல்லடை ஒழுகினால், கீழே சிறுகுழல் செல்கள் வழக்கமாக வராத புரதத்தையெல்லாம் விழுங்க நேர்கிறது. விழுங்கித் திணறி, அடிபட்டுப் பிளவுபடத் தொடங்கி நடுவழியில் நின்றுபோன செல்கள், அக்கம்பக்கத்தில் உதவி கேட்டுக் கூவுகின்றன. அந்தக் கூவலுக்கு நார் நெய்யும் செல்கள் வருகின்றன.

அந்த நெசவாளிகள் எங்கிருந்து வருகிறார்கள்? சிறுகுழல் செல்களே வேடம் மாறி நெசவாளிகளாகின்றன என்று ஒரு காலத்தில் கிட்டத்தட்ட எல்லோரும் நம்பினோம். மாநாட்டுக்கு மாநாடு அதே பேச்சு. 2010-இல் பென் ஹம்ஃப்ரீஸ் குழு எலிகளில் செல்களுக்கு நிரந்தர அடையாளமிட்டுத் தொடர்ந்து பார்த்தது. சிறுகுழல் செல் ஒன்றும் வேடம் மாறக் காணோம். நெய்தவை நுண்குழாய்களை அணைத்துக்கொண்டு நிற்கும் பெரிசைட்டுகளும் அவற்றின் உறவுகளும். 2021-இல் ஆகன் நகரிலிருந்து இன்னொரு குழு மனிதச் சிறுநீரகங்களில் ஒவ்வொரு செல்லாகப் படித்து ஏறக்குறைய அதையே சொன்னது. பெரிசைட் தன் இடத்தை விட்டு நார் நெய்யப் போனால், அது அணைத்திருந்த நுண்குழாய் ஆதரவிழந்து வாடும், ரத்தம் குறையும், இன்னும் சிறுகுழல்கள் திணறும். அடைக்கப் போன ஆள் விட்டுவிட்டுப் போன இடத்தில் அடுத்த உடைப்பு.

சரி, விழுந்த வடு கரையுமா? எல்லாப் பொதுக்கூட்டத்திலும் யாராவது எழுந்து கேட்கும் கேள்வி. நீண்ட காலம் நாங்கள் சொல்லிவந்த பதில், கரையாது.

மினசோட்டாவில் எட்டுப் பேர். எல்லோருக்கும் இளவயதிலேயே வந்த, கணையம் இன்சுலின் சுரக்காத வகைச் சர்க்கரை நோய். சிறுநீரகத்தில் மெசாஞ்சியம், அதாவது மெசாஞ்சியல் செல்கள் இருக்கும் நடுப்பகுதி, பெருத்திருந்தது, சவ்வு தடித்திருந்தது, சிலருக்குக் கிம்மெல்ஸ்டீல்-வில்சன் முடிச்சுகளும் இருந்தன. ஆனால் சிறுநீரகம் இன்னும் செயலிழக்கவில்லை. அவர்களுக்குக் கணையம் மட்டும் மாற்றிப் பொருத்தினார்கள். அன்றிலிருந்து ரத்தச் சர்க்கரை நம் எல்லோரையும்போல. பாவ்லா ஃபியோரெட்டோவும் மைக்கேல் மாவரும் அவர்களுக்கு ஐந்தாம் ஆண்டில் பயாப்ஸி எடுத்துப் பார்த்தார்கள். வடு அப்படியே இருந்தது. ஐந்து ஆண்டு இயல்பான சர்க்கரைக்குப் பிறகும் ஒரு முன்னேற்றமும் இல்லை. பத்தாம் ஆண்டில் மறுபடியும் எடுத்தார்கள். தடித்த சவ்வு மெலிந்திருந்தது. பெருத்த மெசாஞ்சியம் வடிந்திருந்தது. முடிச்சுகள் இருந்த இடத்தில் தந்துகிகள் திறந்திருந்தன. 1998-இல் அந்தப் படங்கள் அச்சில் வந்தபோது, முன்னும் பின்னும் எடுத்த இரண்டையும் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒரே ஆளுடையதுதானா என்று நான் பலமுறை பெயர்க்குறிப்பைச் சரிபார்த்தேன்.

கொட்டிய மண்ணைச் சிறுநீரகத்தின் செல்கள் நாளும் கொஞ்சமாக அள்ளிக்கொண்டிருந்திருக்கின்றன. முழுக்க மூடிப்போன கிளாமருலஸ் திறந்தது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. போடோசைட் இல்லாத இடத்தில் அள்ளுவதற்கும் ஆள் இல்லை. மற்ற இடங்களில் அள்ளும் வேலை ஐந்தாம் ஆண்டிலும் நடந்துகொண்டுதான் இருந்திருக்க வேண்டும், என் போன்றவர்களின் நுண்ணோக்கிக்குத் தெரியாத வேகத்தில். ஐந்தாம் ஆண்டு பயாப்ஸியோடு அவர்கள் நிறுத்தியிருந்தால், வடு கரையாது என்றே இன்றும் உங்களிடம் சொல்லிக்கொண்டிருப்பேன்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். நேரம் இருக்கிறது.